தடுமாறினால் நலம்

இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்து, இன்டேக் மேனிஃபோல்டை ஒட்டியிருக்கும் ஒரு வட்ட வால்விலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றுகிறார். அந்த இடத்தில் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப்பின் குழாயை மாட்டி, பிடியை இரண்டு மூன்று முறை அழுத்துகிறார். உடனே இன்ஜின் குலுங்குகிறது, திணறுகிறது, நின்றும் போகிறது. பக்கத்தில் நிற்கும் கார்க்காரருக்குப் பகீரென்கிறது. மெக்கானிக்குக்கோ திருப்தி. இந்தக் கார் சோதனையில் தேறிவிட்டது. பம்ப்பை அழுத்திய பிறகும் இன்ஜின் எதுவும் நடக்காததுபோல் ஓடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த வட்ட வால்வுக்கு ஈ.ஜி.ஆர். வால்வு என்று பெயர். எக்ஸாஸ்ட் காஸ் ரீசர்க்குலேஷன் என்பதன் சுருக்கம் அது. சைலன்சர் பக்கம் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புவது அதன் வேலை. எரிந்து முடிந்த வாயுவை மறுபடி உள்ளே விடுவானேன்? அது உள்ளே போனால் இன்ஜின் ஏன் திணற வேண்டும்? திணறல் எப்படி ஆரோக்கியத்தின் அடையாளமாகும்? இவற்றுக்கு விடை காண, சிலிண்டருக்குள் காற்றுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றும் எரிகிறது

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் அது எதோடும் எளிதில் சேராது. மூச்சில் உள்ளே போன நைட்ரஜன் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. அடுப்புச் சூட்டில்கூட அதற்கு ஏறத்தாழ ஒன்றும் ஆவதில்லை.

இன்ஜின் சிலிண்டருக்குள் நிலைமை வேறு. அங்கே சுடரின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சில பிளந்து தனி அணுக்களாகின்றன. தனி ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறில் மோதி அதன் கட்டை உடைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. விடுபட்ட நைட்ரஜன் அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கி மீண்டும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. இந்தச் சங்கிலியை 1940-களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாகோவ் ஸெல்டோவிச். எரிதலையும் வெடிப்பையும் ஆராய்ந்த அவர் பின்னாளில் சோவியத் அணுகுண்டுத் திட்டத்திலும் முக்கியப் பங்கு வகித்தார்.

ஸெல்டோவிச்சின் விளக்கம் சொல்லும் முக்கியச் செய்தி, இந்த வினை வெப்பத்துக்குக் காட்டும் அசாதாரணமான உணர்திறன். சிலிண்டரின் உச்ச வெப்பம் 2,400 கெல்வினிலிருந்து 2,300 கெல்வினுக்கு இறங்கினால், அதாவது நான்கு சதவீதம்தான் குறைந்தால், நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் ஆரம்ப வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. எரிதலை நிறுத்தத் தேவையில்லை. அதன் உச்சியைச் சற்றுத் தட்டினால் போதும்.

அப்படித் தட்ட வேண்டிய அவசியம் முதலில் உறைத்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு. 1943 ஜூலையில் கண்ணைக் கரிக்கும் மூட்டம் ஒன்று அந்த நகரைச் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பானியரின் விஷவாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள் என்று பலவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டறிந்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. கண் எரிச்சலுக்கும் பயிர்க் கருகலுக்கும் ரப்பரில் விழும் வெடிப்புக்கும் அந்த வினையே காரணம். அந்த இரண்டு மூலப்பொருள்களையும் பெருமளவில் கக்கியவை கார்கள்.

கலிஃபோர்னியா 1971 மாடல் கார்களிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுக்கு வரம்பு விதித்தது. 1973 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் வரம்பு வந்தது. ஈ.ஜி.ஆர். வால்வு கார்களில் பரவலாக ஏறியது அப்போதுதான்.

எரிந்ததை மறுபடி உள்ளே விடுவது ஏன்

புகையில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி. இவை மறுபடி எரியாது. ஆனால் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரே அளவு விறகை வைத்து அரைக் குடம் தண்ணீரைக் காய்ச்சினால் கொதி வரும். அதே விறகில் ஒரு குடத்தைக் காய்ச்சினால் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சிலிண்டரில் எரிபொருள் தரும் வெப்பம் அதேதான். அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் வாயு கூடிவிடுவதால் உச்ச வெப்பம் இறங்குகிறது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆக்சிஜனை விடவும் நைட்ரஜனை விடவும் அதிக வெப்பத்தை உள்வாங்கக்கூடியவை என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. டீசல் இன்ஜினில் இன்னொரு பலனும் உண்டு: புகை காற்றின் இடத்தைப் பிடிப்பதால் நைட்ரஜனோடு சேர ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கிறது.

எவ்வளவு புகை? பெட்ரோல் இன்ஜினில் உள்ளே போகும் வாயுவில் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம். டீசலில், சுமை குறைந்த ஓட்டத்தில், பாதி வரைகூடப் போகலாம். எப்போதும் அல்ல. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். இல்லையேல் எரிதல் நிலைக்காது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து முழு சக்தி கேட்கும்போதும் மூடிக்கொள்ளும். பெட்ரோல் காரில் ஐடிலிலும் மூடியிருக்க வேண்டும்.

வேக்குவம் பம்ப் சோதனை பயன்படுத்திக்கொள்வது இந்தக் கடைசி விதியைத்தான். ஐடிலில் த்ராட்டில் ஏறத்தாழ மூடியே இருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் புதுக் கலவை மிகக் குறைவு. முந்தைய சுற்றின் மிச்சப் புகையே சிலிண்டரில் கணிசம். அந்த நேரத்தில் ஈ.ஜி.ஆர். வால்வை வலிந்து திறந்தால் சுடர் பரவ வழியில்லாமல் இன்ஜின் திணறும். திணறினால் வால்வு அசைந்தது என்பதும் புகை உண்மையாகவே வழியில் ஓடியது என்பதும் ஒரே அடியில் உறுதியாகிறது.

பம்ப் சொல்லும் மற்ற விடைகளும் தெளிவானவை. அழுத்தியதும் பம்ப்பின் முள் சுமார் 15 அங்குலப் பாதரசத்துக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கினால் வால்வின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். முள் நிற்கிறது, வால்வின் தண்டும் மேலே எழுவது தெரிகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால் வால்வு நல்லது. அதற்குப் பின்னுள்ள புகைவழி கரி படிந்து அடைபட்டிருக்கிறது. பம்ப்பை மாட்டும் முன்பே ஐடிலில் இன்ஜின் குலுங்கிக்கொண்டிருந்தால், வால்வு சரியாக மூடாமல் கரித்துணுக்கில் மாட்டித் திறந்தபடி நிற்கிறதோ என்று பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: சில வால்வுகள் புகையின் அழுத்தம் ஏறிய பிறகே வேக்குவத்தைப் பிடித்து வைக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றில் ஐடிலில் முள் இறங்குவதைப் பார்த்து டயாஃப்ரம் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்தச் சோதனைகளை நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ஓடும் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூடிய ஷெட்டில் அது உயிரைக் குடிக்கும். வால்வும் அதன் குழாயும் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும்.

நான்கு கேள்விகள்

இன்றைய கார்களில் வால்வைத் திறப்பது பெரும்பாலும் வேக்குவம் அல்ல, மின் மோட்டார். கட்டளையிடுவது இன்ஜினின் கணினி. சோதிப்பது ஸ்கேனர். கருவி மாறியதும் ஒரு புதிய ஆபத்து வந்திருக்கிறது: திரையில் எண்கள் நிறைய வருவதால், எந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்பது மறந்துபோகிறது. கேள்விகள் மொத்தம் நான்கு. கணினியின் கட்டளை வால்வுக்குப் போய்ச் சேர்ந்ததா? வால்வு அசைந்ததா? புகை ஓடியதா? நைட்ரஜன் ஆக்சைடு குறைந்ததா?

முதல் கேள்விக்கு மல்டிமீட்டரும் வயரிங் படமும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வால்வுக்குள்ளேயே உள்ள நிலை சென்சார் பதில் சொல்லும். ஸ்கேனரில் வால்வை 50 சதவீதம் திறக்கச் சொன்னால் உண்மை நிலையும் 50-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வந்துவிட்டால் பல ஒர்க்‌ஷாப்களில் சோதனை அத்தோடு முடிகிறது. அது போதாது. வால்வு முழுக்கத் திறந்திருந்தும் புகைவழி கரியால் அடைபட்டிருந்தால் ஒரு துளி வாயுவும் போகாது. அசைவு வேறு, ஓட்டம் வேறு.

மூன்றாவது கேள்விக்கு டீசல் காரில் அழகான ஒரு வழி இருக்கிறது. காற்று உள்ளே வரும் வாயிலில் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உண்டு. 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 375 கன சென்டிமீட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 மில்லிகிராம். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 435 மில்லிகிராம். நடைமுறையில் முழுக்க நிரம்பாது என்பதால் 380-ஐ ஒட்டி இருக்கும் என்று வைப்போம். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் வால்வைத் திறக்கச் சொல்கிறோம். புகை மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்தால் புதுக் காற்றுக்கு மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. திரையில் எண் 250-ஐ ஒட்டி இறங்க வேண்டும். மூடச் சொன்னதும் 380-க்குத் திரும்ப வேண்டும். எண் இறங்கி ஏறினால் புகை ஓடுகிறது. நிலை சென்சார் திறந்துவிட்டேன் என்கிறது, காற்றின் எண் அசையவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது.

இந்தச் சோதனையிலும் சறுக்க இடமுண்டு. காற்று சென்சாரில் அழுக்கு படிந்தால் எண்ணைத் தவறாகக் காட்டும். சில கார்களில் ஐடிலில் சில நிமிடங்கள் நின்றதும் கரி படிவதைத் தவிர்க்கக் கணினியே வால்வை மூடிவிடும். அப்போது எண் தானாக உயர்வது பழுதல்ல. எனவே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டாமல், திறந்தும் மூடியும் எண் கட்டளையைத் தொடர்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். தொடரும் மாற்றம்தான் சான்று. தனியாக நிற்கும் எண் சான்றல்ல.

காரின் கணினியும் இதே முறையில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஓடும் காரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் எரிபொருள் நிறுத்தப்படுகிறது. ஓட்டுநருக்கு எதுவும் தெரியாத அந்தச் சில நொடிகளில் பல பெட்ரோல் கார்கள் ஈ.ஜி.ஆர். வால்வைச் சற்றே திறந்து, இன்டேக்கின் அழுத்தம் எதிர்பார்த்த அளவு ஏறுகிறதா என்று பார்க்கும். ஏறவில்லையென்றால் பி0401 என்ற குறியீட்டைப் பதிந்து, தவறு தொடர்ந்தால் செக் இன்ஜின் விளக்கை ஏற்றும். ஓட்டம் போதவில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டின் பொருள். வால்வு பழுது என்று அது சொல்லவில்லை. கரி, கிழிந்த குழாய், பொய் சொல்லும் சென்சார், எதுவானாலும் அதே குறியீடுதான் வரும். குறியீட்டைப் பார்த்ததும் புது வால்வு வாங்கி மாட்டி, பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் விளக்கு அணையாமல் நிற்பவர்கள், மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் சுயசோதனை இன்னும் முடியவில்லை என்ற செய்தி கணினியில் நிற்கும். விளக்கு எரியவில்லை என்பதோடு நிற்காமல், சோதனைகள் முடிந்துள்ளனவா என்று ஸ்கேனரில் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் புகையின் பங்கைத் துல்லியமாகவே கணக்கிடலாம். உள்ளே போகும் வாயுவிலும் வெளியே வரும் புகையிலும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறார்கள். வெளிக்காற்றில் அது வெறும் 0.04 சதவீதம். புகையில் 6 சதவீதமும் இன்டேக்கில் 1.2 சதவீதமும் இருந்தால், வெளிக்காற்றின் பங்கை இரண்டிலும் கழித்து வகுக்க, உள்ளே போவதில் 19.5 சதவீதம் பழைய புகை என்று தெரிந்துவிடும். இன்டேக்குக்குக் கார்பன் டை ஆக்சைடு வந்து சேர வேறு வழி இல்லை என்பதால் இந்தக் கணக்கு ஏமாறாது.

சோதனையை அறிந்த கார்

நான்காவது கேள்வி மிச்சம்: நைட்ரஜன் ஆக்சைடு உண்மையில் குறைந்ததா? அதைக் கேட்கத் தவறியதால் என்ன நடந்தது என்பதை உலகம் 2015-ல் கண்டது.

அமெரிக்காவில் டீசல் கார்கள் சுத்தமாக ஓடுகின்றன, ஐரோப்பாவிலும் அப்படி ஓட வைக்கலாம் என்று காட்டும் எண்ணத்தோடு ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவிடம் ஒரு வேலையைக் கொடுத்தது. அவர்கள் அளவுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் வரம்புக்குள் நின்ற ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, சாலையில் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கும், பஸாட் 5 முதல் 20 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கின. 2014-ல் முடிவுகள் வெளியாயின. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த நிறுவனத்தின் மேல் சட்டமீறல் அறிவிப்பு கொடுத்தது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில் சோதனையை அடையாளம் கண்டு ஏமாற்றும் மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டன.

ஐரோப்பாவில் விற்ற அந்த டீசல் கார்களில் ஏமாற்று வேலை நடந்த இடம் இதே ஈ.ஜி.ஆர். வால்வுதான். ஆய்வுக்கூடச் சோதனையின் வேக ஏற்ற இறக்கம் எப்போதும் ஒரே மாதிரி. அந்த வடிவத்தைக் கணினி அடையாளம் கண்டதும் நிறையப் புகையைத் திருப்பி அனுப்பும். சாலை என்று தெரிந்ததும் குறைத்துவிடும். திருத்தம் என்ற பெயரில் பின்னர் ஏற்றப்பட்ட மென்பொருளிலும் வால்வு முழுமையாக வேலை செய்தது வெளிவெப்பம் 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தபோது மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதி 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாடுகளில் அது அநேகமாக வேலை செய்யாததற்குச் சமம். இதுவும் சட்டவிரோத ஏமாற்றுக் கருவியே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இந்தக் கார்களில் கட்டளை சரியாகப் போனது, வால்வு சரியாக அசைந்தது, வழியில் அடைப்பில்லை. முதல் மூன்று கேள்விக்கும் தேர்ச்சி. நான்காவதைச் சாலையில் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

நம் சாலையில்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதிகள் நடப்பில் உள்ளன. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. 2023 ஏப்ரலிலிருந்து சாலையில் ஓட்டி அளக்கும் சோதனையும் சேர்ந்தது. இவை நல்ல விதிகள். ஆனால் இவை கேள்வி கேட்பது காரைத் தயாரிக்கும் நிறுவனத்திடம். பத்து ஆண்டு ஓடிய காரிடம் நாம் கேட்பது புகைச் சான்றிதழ் சோதனையில்தான். அதில் பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் காருக்குப் புகையின் கருமை. நைட்ரஜன் ஆக்சைடு இரண்டிலும் இல்லை.

இந்த இடைவெளியில் ஒரு கெட்ட வழக்கம் வளர்ந்துவிட்டது. வால்வில் கரி அடைத்து டீசல் கார் இழுவை குறைந்தால், சுத்தம் செய்வதற்குப் பதிலாக ஒரு தகட்டை வைத்துப் புகைவழியையே அடைத்துவிடுகிறார்கள்; கணினியின் மென்பொருளையும் மாற்றிவிடுகிறார்கள். பிக்கப் கூடுகிறது; புகையில் கரி கூடுவதில்லை, குறையவும் செய்யலாம். ஏனென்றால் டீசலில் கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடியவை: ஒன்றை அழுத்தினால் மற்றது எழும். வால்வை அடைத்த கார் புகைச் சோதனையில் தடையின்றித் தேறிவிடுகிறது. அதன் சொந்தக்காரருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. குறை, அந்தக் கார் கடந்துபோகும் தெருவில் பள்ளிக்கு நடக்கும் குழந்தையின் மூச்சுக்குழாயில். நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வரம்பை இறுக்கியது. நம் நாட்டின் வரம்பு இன்னும் 40.

ஒரு சோதனை, தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கருமையைக் கேட்டால் கருமையைச் சொல்லும். நிறமில்லாத நைட்ரிக் ஆக்சைடைப் பற்றி ஒருபோதும் வாய் திறக்காது. புகைச் சான்றிதழ் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்க்கப்பட வேண்டும். அதற்கான அளவுக் கருவிகள் உலகில் இருக்கின்றன.

அந்த நாள் வரும்வரை பொறுப்பு நம்முடையது. அடுத்த சர்வீஸுக்குக் காரை விடும்போது ஈ.ஜி.ஆர். வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வு அசைகிறது என்ற பதிலோடு நிற்காமல், புகை ஓடுகிறதா, காற்றின் எண் இறங்கி ஏறுகிறதா என்று கேளுங்கள். கரி அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து, புது காஸ்கெட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வழியையே அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. நம் காரின் புகையை நம்மைவிட அதிகம் சுவாசிப்பவர்கள் அதற்கு வெளியே நிற்பவர்கள்.